ஒரே பட்டனில் ஷோர்யுகென் வந்தால் அந்த விலை யார் தலையில்?

இருவர் மோதும் சண்டை கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ என்ற பாத்திரத்தின் ஷோர்யுகென் (மேலே எகிறி அடிக்கும் குத்து) அடிக்க, ஸ்டிக்கை முன்னால் தள்ளி, நேர் கீழே இறக்கி, கீழ்-முன் மூலைக்குக் கொண்டுவந்து பஞ்ச் அமுக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த 1991-லிருந்து இதுதான் வழி. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் என்ற எளிய கன்ட்ரோலை எடுத்துக்கொண்டால், முன்பக்கம் அழுத்தி ஸ்பெஷல் பட்டனைத் தட்டினாலே ரியூ எகிறிவிடுவார். பழைய ஆட்டக்காரர்கள் இதை ஏமாற்று வேலை என்றார்கள். புதியவர்கள் இப்போதாவது கதவைத் திறந்தார்களே என்றார்கள். கேம் உருவாக்குகிறவருக்கு இந்த இரண்டு பேச்சுமே உதவாது. அவர் யோசிக்க வேண்டியது வேறு: அந்த மூன்று திசை அசைவு இத்தனை காலம் ஆட்டத்துக்குள் என்ன வேலை பார்த்தது? அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை இனி எது பார்க்கும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த வகை கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களாக, ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி நொடி. எதிராளி குதித்தால், கிளம்புவதிலிருந்து திரும்பத் தரையில் நிலைகொள்வது வரை ஏறக்குறைய 45 ஃபிரேம், அதாவது முக்கால் நொடி. அவருடைய உதை நம் மேல் விழுவது அதன் பின்பாதியில். "குதிப்பான்" என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கே கண்ணில் பட்டது கைக்கு வர 15 ஃபிரேம் போல ஆகும். கவனம் வேறிடத்தில் இருந்தால் 20, 25 என்று போகும். திரையும் கன்ட்ரோலரும் சேர்ந்து இன்னும் சில ஃபிரேமைத் தின்னும். மிஞ்சுவது 10, 15 ஃபிரேம்தான். அதற்குள் மூன்று திசையும் ஒரு பட்டனும் முடிய வேண்டும். பழகிய கைக்கு முடியும், பழகாத கைக்கு முடியாது. மாடர்னில் அந்த மிச்ச நேரம் முழுக்க யோசிப்பதற்கே கிடைத்துவிடுகிறது.

நேரம் மட்டுமல்ல, ஆபத்தும் அந்த அசைவுக்குள் இருக்கிறது. பிளாக் செய்ய, அதாவது அடியைத் தடுக்க, ஸ்டிக்கைப் பின்னால் பிடிக்க வேண்டும். ஷோர்யுகென் அசைவு முன்பக்கத்தில் தொடங்குகிறது. ஆக, அடிக்க முடிவெடுத்த கணத்திலிருந்து சில ஃபிரேமுக்கு நாம் திறந்த மார்போடு நிற்கிறோம். தவறாகக் கணித்தால் அந்த இடைவெளியிலேயே அடி விழும். எழும்போது வெல்ல முடியாத அளவுக்கு வலுவான ஒரு அடியை ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை எடுப்பதற்கே ஒரு கட்டணம் வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். ஒரு பட்டன் வந்ததும் அந்தக் கட்டணம் கிட்டத்தட்ட ஒரு ஃபிரேமாகச் சுருங்குகிறது.

கேமைச் செய்த கேப்காம் அதை வேறு இடங்களில் வசூல் செய்கிறது. ஒரு பட்டனில் வரும் ஸ்பெஷல் மூவின் டேமேஜ் 20 சதவீதம் குறைவு. பழைய கன்ட்ரோலான கிளாசிக்கில் ஆறு அடிப் பட்டன்கள். மாடர்னில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று, கூட ஸ்பெஷலுக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று. அதனால் பாத்திரத்தின் சாதாரணக் குத்து, உதைகளில் பல காணாமல் போகின்றன. ஒரே பட்டனில் ஹடோகென் என்ற பந்தை எறிந்தால் வேகமானதா மெதுவானதா என்று தேர்வு செய்யவும் முடியாது. ஆனால் மாடர்னில் இருந்துகொண்டே கையால் முழு அசைவைப் போட்டால் முழு டேமேஜும், வேகத்தைத் தேர்வு செய்யும் வசதியும் திரும்பி வரும். இந்தக் கடைசி ஏற்பாடு மிக நல்ல ஏற்பாடு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டேமேஜ் வரியில் ஒரு கோளாறு இருக்கிறது. 1000 டேமேஜ் தர வேண்டிய அடி 800 தருகிறது என்றால், அந்த அடியை மட்டுமே வைத்து எதிராளியை வீழ்த்த ஒன்றேகால் மடங்கு அடிக்க வேண்டும். புதியவருக்கு ஒரு சுற்றில் சரியாக விழுவதே நாலைந்து அடி. அவருக்கு இது வலிக்கும். தேர்ந்த ஆட்டக்காரரோ ஒரு பட்டன் ஸ்பெஷலை டேமேஜுக்காக எடுப்பதில்லை. எதிராளி தூரத்திலிருந்து ஒரு பந்தை எறிந்தால், கண்ணில் பட்டதும் ஒரே தட்டில் சூப்பர் என்ற பெரிய அடியைப் போட்டு அதைத் துளைத்துக்கொண்டு போக முடியும் என்பதற்காக எடுக்கிறார். கிளாசிக்கில் சூப்பருக்கு ஸ்டிக்கை இரண்டு முறை கால்வட்டம் சுழற்ற வேண்டும். அதைப் பார்த்த பிறகு போடுவது பலருக்கு நடக்காத காரியம், முன்கூட்டியே ஊகித்தால்தான் உண்டு. அதனால் மாடர்ன் ஆட்டக்காரர் எதிரில் நின்றாலே பந்து எறிகிற ஆட்டமே மாறிவிடுகிறது. சுருக்கமாக, வரியைக் கட்டுவது புதியவர், சலுகையை அனுபவிப்பது கெட்டிக்காரர்.

என்னைக் கேட்டால், எளிய வழியின் விலையை அது எந்த இடத்தில் லாபம் தருகிறதோ அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். லாபம் வேகத்தில் என்றால் விலையும் வேகத்தில். ஒரு பட்டனில் வரும் தற்காப்பு அடிக்கு மட்டும் தொடக்கத்தில் 3 அல்லது 4 ஃபிரேம் கூட்டிப் பாருங்கள். குதித்து வருபவரை அடிக்க அது இன்னும் தாராளமாகப் போதும், ஏனென்றால் அங்கே நேரம் இருக்கிறது. நெருக்கத்தில் மணிக்கட்டை அசைக்காமலே தப்பிப்பது மட்டும் குறையும். டேமேஜில் கை வைக்க வேண்டியதில்லை. இதிலும் வில்லங்கம் உண்டு: காம்போவின் (தொடர் அடிகளின்) நடுவில் அந்த மூவைப் போட்டால் கூட்டிய 4 ஃபிரேமால் இணைப்பு அறுந்துபோகும். ஆகவே, காம்போவுக்குள் வரும்போது பழைய வேகம், தனியாக வரும்போது மட்டும் கூடுதல் ஃபிரேம் என்று பிரித்து எழுத வேண்டும்.

வேறு விலைகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 2020-இல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் செய்த கிரான்ப்ளூ ஃபேன்டஸி வெர்சஸில் ஸ்பெஷல் மூவ் போட்டதும் அது சிறிது நேரம் ஆறிக்கிடக்கும்; ஒரு பட்டனில் போட்டால் ஆறும் நேரம் அதிகம், கையால் அசைத்துப் போட்டால் குறைவு. 2015-இல் சோதனை நிலையில் வந்த ரைசிங் தண்டரும் இதே கூல்டவுன் வழியில், திசை அசைவே இல்லாமல் நடந்தது. அதைச் செய்த நிறுவனத்தை ரயட் கேம்ஸ் 2016-இல் வாங்கிக்கொண்டது. ரயட்டின் 2எக்ஸ்கேஓ அந்தப் பரம்பரையில் வந்ததுதான். கூல்டவுனில் இரண்டு தொல்லை. ஒன்று, உங்களிடம் தற்காப்பு அடி இப்போது இல்லை என்பது எதிராளிக்கும் தெரியும், தைரியமாக மேலே ஏறி வருவார். இன்னொன்று, பட்டனை அமுக்கியும் எதுவும் வரவில்லை என்றால் புதியவர் கன்ட்ரோலரைத்தான் சந்தேகிப்பார். ஐகான் பெரிதாக, பாத்திரத்தின் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ஆறாத நேரத்தில் அமுக்கினால் வேறு சத்தம் வர வேண்டும். இல்லாவிட்டால் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கி எறிந்தது 2019-இல் வந்த ஃபேன்டஸி ஸ்ட்ரைக். திசை அசைவு கிடையாது, குனிவது கூடக் கிடையாது. எதிராளி த்ரோ போட (பிடித்து எறிய) வருகிறார் என்று தோன்றினால் எல்லாவற்றிலிருந்தும் கையை எடுத்துவிட்டால் போதும், த்ரோ அவர் மேலேயே திரும்பும். அழகான வடிவமைப்பு. ஆனால் இதை ஆடிப் பார்க்கும் புதியவருக்கு ஒன்று உடனே புரியும்: கை இடறியதால் தோற்கவில்லை, ஊகத்தில் தோற்றோம். முன்பெல்லாம் "எனக்கு மூவ் வரல" என்ற சாக்காவது இருந்தது. கைத்தடையை நீக்கும்போது அந்தச் சாக்கும் போய்விடுகிறது. அதன் இடத்தில் ஏன் தோற்றோம் என்பதைச் சொல்லித்தரும் ஏதாவது ஒன்றை வைக்காவிட்டால் ஆள் நிற்க மாட்டார்.

எந்தக் கஷ்டத்தை எடுக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நம்பகமான ஒரு சோதனை உண்டு. "இதைச் செய்யாமல் விடுவது எப்போதாவது சரியான முடிவாக இருக்குமா?" என்று கேளுங்கள். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் (2001) காற்றில் அடித்துக்கொண்டே தரை இறங்கும்போது, தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் தோள்பட்டனைத் தட்டினால் இறங்கும் தடுமாற்றம் பாதியாகும். அதை எப்போது தட்டக்கூடாது? தட்டாமல் விடுவதில் ஒரு லாபமும் இல்லை. எப்போதும் செய்தே ஆக வேண்டிய ஒன்றில் முடிவெடுக்க எதுவுமில்லை, வெறும் விரல் பயிற்சி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் ஒரு ஃபிரேம் இணைப்புகளும் அப்படித்தான். நொடியின் 60-இல் ஒரு பங்கில் பட்டன் விழ வேண்டும். அதற்காக ஆட்டக்காரர்கள் ஒரு பட்டனை அமுக்கி அடுத்த ஃபிரேமிலேயே இன்னொன்றை அமுக்கி, கேமை ஒரே அடியை இரண்டு முறை கேட்க வைக்கும் "பிளிங்க்" தந்திரத்தையே கண்டுபிடித்தார்கள். 2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 மூன்று ஃபிரேம் முன்பே அமுக்கினாலும் ஏற்றுக்கொள்ளும் பஃபரைக் கொண்டுவந்தது. அந்தத் தந்திரத்தின் தேவையே போய்விட்டது. இதனால் ஆழம் குறைந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஸ்டிக்கைச் சிறிது நேரம் கீழே பிடித்துச் சேமித்துவிட்டு மேலே தட்டுகிற சார்ஜ் மூவ்கள் அந்தச் சோதனையில் தப்பிக்கின்றன. சார்ஜ் பிடிக்கும் நேரத்தில் முன்னே நடக்க முடியாது. நடப்பதா, சேமிப்பதா என்பது உண்மையான முடிவு. அதை ஒரு பட்டனாக்கினால் போவது விரல் வேலை மட்டும் அல்ல, அந்தப் பாத்திரத்தின் குணமே.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இலிருந்தே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளியான போது பட்டன் அமுக்கியது திரையில் தெரிய சுமார் 8 ஃபிரேம் ஆனது, கிட்டத்தட்ட 130 மில்லி நொடி. காம்போ எளிதானது, ஆனால் பார்த்துப் பதில் சொல்வது கடினமானது. ஊகம்தான் ஆட்டம் என்றாகிவிட்டது. காம்போவில் புதியவருக்குக் கொடுத்ததைத் தற்காப்பில் பிடுங்கிக்கொண்டது போல.

சொந்தமாக ஒரு சின்ன ஃபைட்டிங் கேம் எழுதிக்கொண்டிருப்பவர் இன்புட்டில் தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு ஃபிரேமிலும் திசையைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியலை, கடைசி 30 ஃபிரேமுக்காவது, வைத்துக்கொள்ளுங்கள். கால்வட்டம் முழுவதும் 15 ஃபிரேமுக்குள் வந்தால் ஏற்கலாம். கடைசித் திசைக்கும் பட்டனுக்கும் நடுவே 8 ஃபிரேம் வரை விடலாம். பட்டன் பஃபர் 4 ஃபிரேமில் தொடங்கி மேலே கீழே ஆட்டிப் பாருங்கள். ஒரு மூவ் வந்ததும் பட்டியலைத் துடைத்துவிட வேண்டும். மறந்தால், ஹடோகென் போட்ட கையோடு சாதாரணமாக ஒரு குத்து அமுக்கினாலும் இன்னொரு ஹடோகென் கிளம்பும். பாத்திரங்கள் பக்கம் மாறும்போது முன், பின் எது என்பதையும் கவனியுங்கள். இடம்-வலம் என்று குறித்துவைத்து, பட்டன் விழும் கணத்தில் முன்-பின்னாக மாற்றினால், தலைக்கு மேல் தாண்டிப் போனவரை அடிக்கத் தொடங்கிய அசைவு நடுவழியில் தலைகீழாகிவிடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் எல்லா மூவுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

தாராளம் காட்டும்போதுதான் பெரிய சிக்கல் வருகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் ஷோர்யுகென்னுக்குக் கீழ்-முன் மூலையை இரண்டு முறை தட்டினாலே போதும் என்று சலுகை கொடுத்தார்கள். விளைவு: முன்னே நடந்துகொண்டிருந்து ஹடோகென் போட நினைத்தவருக்கு ஷோர்யுகென் வந்தது. முன்னே பிடித்த திசை, கீழ், மூலை, மறுபடி முன் என்று கணக்கில் இரண்டுமே பொருந்துகின்றன. கேம் கடினமான மூவுக்கு முன்னுரிமை தரும். ஆள் இல்லாத இடத்தில் வானத்தைக் குத்திவிட்டு இறங்கும்போது முழுக் காம்போ வாங்க வேண்டியதுதான். அந்த இடத்தில் "அசைவின் கடைசித் திசை நேர் முன்பக்கமாக முடிந்தால் கால்வட்டத்துக்கே (ஹடோகென்னுக்கே) முன்னுரிமை" என்று ஒரே ஒரு விதி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது ஆட்டோ காம்போ. ஒரே பட்டனைத் தொடர்ந்து தட்டினால் ஓர் அழகான தொடர் வரும். 2018-இல் வந்த டிராகன் பால் ஃபைட்டர்ஸீ இதைப் பரவலாக்கியது. பயிற்சித் திரையில் இது அருமையாக இருக்கும். எதிராளி பிளாக் செய்துவிட்டால்? புதியவரின் விரல் நிற்காது, அவர் அடி பட்டதா இல்லையா என்றே பார்ப்பதில்லை. தொடர் தன் போக்கில் போய், கடைசியில் மீள நேரம் பிடிக்கும் ஒரு ஸ்பெஷலில் முடியும். எதிராளி அந்த இடைவெளியில் உள்ளே புகுந்து துவைத்துவிடுவார். நாம் சொன்ன பட்டனை அமுக்கியதற்காகவே அவர் தண்டனை வாங்குகிறார். இதற்கு மருந்து எளிது. முதல் அடி பிளாக் ஆனால் தொடரை இரண்டாவது அடியோடு நிறுத்திவிடும்படி எழுதுங்கள். கேஜ் (சேர்த்துவைத்த சக்தி) செலவாகும் கடைசி அடியை, அதைத் தனியாகப் பிடித்து அழுத்தினால் மட்டும் வரும்படி வையுங்கள். கூடவே ஆட்டோ காம்போவில் வரும் அடிகள் கையால் போடக்கூடிய அதே அடிகளாக, அதே வரிசையில் இருக்கட்டும். ஆட்டோவுக்கென்றே தனி அனிமேஷன் செய்தால் அதில் கற்றது நாளை கையால் ஆடும்போது எதற்கும் பயன்படாது.

டெக்கன் என்ற இன்னொரு சண்டை கேமின் கதை வேறு. அங்கே அசைவுகள் பெரும்பாலும் எளிது. பாத்திரத்துக்கு நூற்றுக்கு மேல் மூவ் இருப்பதுதான் மலைப்பு. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8-இன் ஸ்பெஷல் ஸ்டைல் அதனால்தான் நல்ல மூவ் சிலவற்றை மட்டும் பொறுக்கி நான்கு பட்டனில் வைக்கிறது. ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு தட்டில் அதை அணைக்கலாம், போடலாம். எல்லா கேமிலும் புதியவரின் தடை ஒன்றேதான் என்று நினைத்து ஒரு பட்டன் ஷோர்யுகென்னை நகல் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டெக்கனிலேயே இன்னொரு பாடம். நம் ஊர் பிளேஸ்டேஷன் கடைகளில் டெக்கன் 3 ஆடிய யாரும் எட்டி கோர்டோ என்ற பாத்திரத்தை மறந்திருக்க மாட்டார்கள். உதைப் பட்டனைக் கண்டபடி அமுக்கினால் போதும், ஆள் சுழன்று சுழன்று அடிப்பார். முதல் நாளே ஜெயிக்கலாம். ஆனால் தோற்றவரும் முதல் நாள் ஆட்டக்காரர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். எந்த உதைக்குக் குனிந்து பிளாக் செய்வது, எப்போது இடைவெளி வருகிறது என்று கற்றுக்கொண்டால் எட்டியை அடக்கிவிடலாம். அந்தப் பாடம் கேமில் எங்கும் இல்லை. போடுவது எளிது, பதில் சொல்வது கடினம் என்ற வகை மூவ் புதியவர்களுக்கு உதவுவதாகத் தோன்றினாலும், இரண்டு புதியவர்களில் ஒருவரை விரட்டிவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரைவ் இம்பாக்ட் என்ற கனமான அடியும் கீழ் ரேங்குகளில் இதே வேலையைச் செய்கிறது. 26 ஃபிரேம் தொடக்கம், தாள் கணக்கில் பார்த்துப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது. ஆனால் தன் அடுத்த அடியையே யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அது கண்ணில் படாது. சுவர் ஓரத்தில் பிளாக் செய்தாலும் சுவரில் மோதிச் சரிவார். அதற்கு எதிராகத் தானும் டிரைவ் இம்பாக்ட் போட வேண்டும் என்பதை, முதல் பத்து ஆட்டத்துக்குள் கேமே ஒரு பாடமாகக் கொடுத்துவிட வேண்டும்.

தோற்பவருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அடி வாங்க வாங்க நிரம்பும் கேஜ் கெட்டிக்காரருக்கும் அதே அளவு நிரம்பும், அவர் அதை இன்னும் நன்றாகச் செலவழிப்பார். தற்செயலும் அப்படியே: ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் (2008) ஓடும்போது சும்மா இடறி விழும் ஏற்பாடு இருந்தது, 2014 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

ஆன்லைனில் யாரோடு மோத விடுகிறோம் என்பது இன்புட்டை விடப் பெரிய விஷயம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் ரூக்கி நிலையில் தோற்றாலும் புள்ளி குறையாது. ரேங்க் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி என்பதால் புதுப் பாத்திரம் எடுத்தவர் மறுபடி கீழேயிருந்து ஏறலாம். ரோல்பேக் நெட்கோட் (இணையத் தாமதத்தை மறைக்கும் முறை) இல்லாமல் இவை எதுவும் உதவாது. அருகில் ஆள் கிடைக்காமல் தூரத்து எதிராளியோடு ஆடும்போதும் பட்டன் தாமதம் ஏறாமல் இருந்தால்தான், ஒத்த தரத்து ஆளைத் தேடிப் பிடிக்கப் போதுமான கூட்டம் கிடைக்கும். தோற்ற பிறகு என்ன நடந்தது என்று காட்டுவதில் டெக்கன் 8 ஒரு படி மேலே. பழைய ஆட்டத்தை ஓடவிட்டு, "இங்கே இந்த மூவால் தண்டித்திருக்கலாம்" என்று சொல்லும். அதே இடத்தில் நாமே கன்ட்ரோலை வாங்கி ஆடியும் பார்க்கலாம்.

எளிய முறையைச் சோதிக்க இரண்டு வகை ஆள் தேவை. முதலில், இந்த வகை கேமே ஆடாத ஒருவரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். வேண்டுமென்றே போட்ட முதல் ஸ்பெஷல் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறாரா, தோற்றதும் "ஏன்?" என்று கேட்கிறாரா, "போகட்டும்" என்று வைத்துவிடுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பலரும் செய்கிறார்கள். அடுத்ததைத்தான் விட்டுவிடுகிறார்கள்: உங்களுக்குக் கிடைக்கும் மிகத் திறமையான ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, பந்தயம் வைத்து, எந்தக் கன்ட்ரோல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோரும் எளிய முறையையே எடுத்தால் விலை போதவில்லை. ஒருவரும் தொடவில்லை என்றால் விலை அதிகம். அந்த முறையில் வளரும் புதியவர் ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும், அங்கேயே விட்டுவிடுவார்.

முன்பு சொன்ன ஏற்பாடு இங்கேதான் உதவுகிறது. எளிய முறைக்குள்ளேயே கையால் போடும் அசைவுகளையும் ஏற்றுக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் கூடுதல் பலன் வைத்தால், மாறுவதற்கென்று ஒரு நாள் குறிக்க வேண்டியதில்லை. ஹடோகென்னை இன்று கையால், ஷோர்யுகென்னை இன்னும் பட்டனில் என்று ஆடலாம். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளி எந்தக் கன்ட்ரோலில் இருக்கிறார் என்பதைக் காட்டும் ஒரு சின்ன ஐகானும் வையுங்கள், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வைத்திருப்பது போல. மாடர்ன் என்று தெரிந்தால் எதிரில் இருப்பவர் கண்டபடி குதிக்க மாட்டார், பந்து எறிவதையும் கணக்குப் பார்த்துத்தான் செய்வார்.